எடை குறைந்த பி.சி.டி.: வெதுவெதுப்பான கடலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி பெரும்பாலும் 15 கிலோ சாமான்தான் எடுத்துச் செல்லலாம். சொந்தக் கருவிகளோடு ஸ்கூபா மூழ்கலுக்குப் போகிறவர் ரெகுலேட்டர், ஃபின்ஸ், வெட்சூட், மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், மாற்றுத்துணி எல்லாவற்றையும் அந்த 15 கிலோவுக்குள் அடக்கியாக வேண்டும். இவற்றில் எடையிலும் இடத்திலும் பெரும்பங்கு கேட்பது பி.சி.டி. என்று மூழ்குநர்கள் அழைக்கும் மிதப்புக் கட்டுப்பாட்டுச் சட்டை. வழக்கமான ஜாக்கெட் வகை மூன்றரை முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். பயணத்துக்கென்றே செய்யப்படும் இலகு ரகங்கள் இரண்டிலிருந்து மூன்று கிலோவுக்குள் முடிந்துவிடுகின்றன.

அந்த எடை எதைக் கழித்ததால் குறைந்தது? கழித்ததில் பாதுகாப்பும் சேர்ந்து போய்விட்டதா? அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, திருகோணமலை என்று 27 முதல் 30 டிகிரி வரை வெப்பமுள்ள நீரில் மூழ்குகிறவருக்கு எந்த அளவு போதும்? இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இலகு பி.சி.டி.யைத் தேர்ந்தெடுப்பது கடையில் தொடங்கும் வேலை அன்று. நீரில் அமிழத் தனக்கு எவ்வளவு ஈய எடை தேவை என்று சரியாகத் தெரிந்துகொண்டவருக்கே அது பொருந்தும். அந்தக் கணக்கு தெரியாதவருக்கு எந்தப் பி.சி.டி.யும் பாதுகாப்பு தராது.

மூன்று வேலைகள்

பி.சி.டி. செய்யும் வேலை மூன்று. சிலிண்டரை முதுகில் ஆடாமல் அசையாமல் தாங்குவது முதலாவது. உள்ளிருக்கும் காற்றைக் கூட்டியும் குறைத்தும், மூழ்குநர் தானாக ஏறிவிடாமலும் இறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்வது இரண்டாவது. மேற்பரப்புக்கு வந்த பின், படகு வந்து ஏற்றிக்கொள்ளும்வரை தலையை நீருக்கு மேலே நிறுத்தி வைப்பது மூன்றாவது.

இது உயிர்காப்புச் சட்டை அன்று. பி.சி.டி.களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1809 இதை எச்சரிக்கையாகவே எழுதி ஒட்டச் சொல்கிறது. நினைவிழந்தவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பி வைப்பதாக எந்தப் பி.சி.டி.யும் உறுதி தருவதில்லை. கனமான ஜாக்கெட் வாங்கினால் அந்த உறுதி கிடைத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. இந்த வகையில் கனமானதும் இலகுவானதும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன.

கல்லிலிருந்து காற்றுப் பைக்கு

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கினார்கள். அடி தொட்டதும் கல்லை விட்டார்கள். படகிலிருந்தவர் கயிற்றை இழுக்க மேலே வந்தார்கள். இறங்கும்போது எடை வேண்டும், ஏறும்போது அது கூடாது என்ற அடிப்படை அன்றே தெரிந்திருந்தது. 1943-இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் அக்வா-லங் கருவியை உருவாக்கிய பிறகு மனிதர் நீருக்கடியில் சுதந்திரமாக மூச்சுவிட்டு நீந்த முடிந்தது. ஆனால் மிதப்பைத் திருத்திக்கொள்ளும் கருவி அப்போது இல்லை. போகப்போகும் ஆழத்துக்கு ஏற்ற ஈயத்தை முன்கூட்டியே ஊகித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

1961-இல் பிரான்சின் மொரீஸ் ஃபென்ஸி, கழுத்தில் மாட்டிக்கொண்டு காற்றைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சட்டைக்குக் காப்புரிமை பெற்றார். 1971-இல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் கைகளை நுழைத்து அணியும் ஸ்டேப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தது. இன்றைய ஜாக்கெட் வகைகள் அதன் வழிவந்தவை. 1979-இல் வட ஃபுளோரிடாவின் குகை மூழ்குநர்களுக்காக கிரெக் ஃபிளானகன் பேக்பிளேட் என்ற உலோக முதுகுப் பலகையை வடிவமைத்தார். வில்லியம் ஹோகார்த் மெயின் அதை மேலும் செம்மைப்படுத்தினார். பிற்காலத்தில் ஜாக்கெட்டுகளில் திணிப்பும் பைகளும் வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. குளிர்நாட்டுக் கடலுக்கு வேண்டிய தடித்த உடையும் மிகுந்த ஈயமும் கணக்கில் கொண்டு காற்றுப் பை பெரிதானது. அதே சட்டையை வெப்பக் கடலுக்குத் தூக்கிப் போகிறவர் தனக்குத் தேவையில்லாத பலவற்றுக்கும் சேர்த்தே விமானக் கட்டணம் கட்டுகிறார்.

தூக்குதிறன்: கணக்கு சொல்வது என்ன?

வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது தூக்குதிறனைத்தான். ஜாக்கெட்டுகள் 16 முதல் 22 கிலோ வரை தூக்கும். பயண ரகங்கள் பல 12 முதல் 16 கிலோவோடு நின்றுவிடும். 12 போதுமா என்பது நியாயமான அச்சம். விடை எளிய கூட்டலில் இருக்கிறது.

அந்தமானிலும் மாலத்தீவிலும் பெரும்பாலும் கிடைப்பது 11.1 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் அதில் சுமார் 2,220 லிட்டர் காற்று இருக்கும். ஒரு லிட்டர் காற்றின் எடை 1.2 கிராம் என்றால் மொத்தம் 2.7 கிலோ. நிரம்பிய நிலையில் இந்த சிலிண்டர் கடலில் முக்கால் கிலோ அளவுக்கு அமிழும். காலியானால் ஏறக்குறைய இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கும். 50 பார் மிச்சத்தில் மிதப்புச் சமநிலை கிடைக்குமாறு ஈயம் கட்டியவர், மூழ்கலின் தொடக்கத்தில் சுமார் இரண்டு கிலோ கூடுதல் எடையோடு இறங்குகிறார்.

அடுத்தது வெட்சூட். மூன்று மில்லிமீட்டர் முழு உடை, அணிபவரின் உடலளவைப் பொறுத்து, மேற்பரப்பில் இரண்டு கிலோ அளவுக்கு மிதப்பு தரும். ஆழம் கூடக்கூட அதிலுள்ள நுண்குமிழ்கள் நசுங்கி அந்த மிதப்பில் பெரும்பகுதி போய்விடும். அந்த இழப்பு ஒன்றரை கிலோ என்று வைத்தாலும், காற்றின் எடையோடு சேர்த்து ஆழத்தில் பி.சி.டி. ஈடுகட்ட வேண்டியது மூன்றரை, நான்கு கிலோதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. மூழ்குநர் மேற்பரப்பில் கருவியைக் கழற்ற நேர்ந்தால் அது தன்னந்தனியே மிதக்க வேண்டும். நிரம்பிய சிலிண்டருக்கு முக்கால் கிலோ, ரெகுலேட்டருக்கு ஒன்று அல்லது ஒன்றரை கிலோ, பி.சி.டி. பைகளில் வைத்த ஈயம் நான்கு கிலோ. எல்லாம் சேர்ந்தாலும் ஏழு கிலோவைத் தாண்டாது. 12 கிலோ தூக்கும் பை இதைத் தாங்கிய பிறகும் தலையை அலைக்கு மேலே நிறுத்தும் வலு அதில் மிச்சம் இருக்கும்.

கணக்கு கெடும் இடமும் உண்டு. ஏழு மில்லிமீட்டர் உடையும் தலையுறையும் அணிந்து பத்து கிலோ ஈயத்தோடு இறங்குகிறவருக்கு இது போதாது. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே போகிறவர் இரட்டைச் சிலிண்டரும் கூடுதல் வாயுக்களும் சுமந்து போகும் தொழில்நுட்ப மூழ்குநர். அவருக்கான கருவி வேறு. இக்கட்டுரை பேசுவது ஒற்றை அலுமினிய சிலிண்டரோடு பொழுதுபோக்கு எல்லைக்குள் மூழ்குகிறவரைப் பற்றி மட்டுமே.

ஈயம் கூடினால் என்ன ஆகும்?

தேவைக்கு மேல் கட்டும் ஒவ்வொரு கிலோ ஈயத்துக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்றைப் பி.சி.டி.யில் நிரப்பியாக வேண்டும். நான்கு கிலோ அதிகம் கட்டியவர் 10 மீட்டர் ஆழத்தில் நான்கு லிட்டர் காற்றைக் கூடுதலாகச் சுமக்கிறார். அங்கே அழுத்தம் 2 பார். 5 மீட்டருக்கு ஏறும்போது அழுத்தம் 1.5 பாராகக் குறைய, அந்தக் காற்று ஐந்தே கால் லிட்டருக்கு மேல் விரிகிறது. வெளியேற்றாமல் விட்டால் மேற்பரப்பை அடையும்போது எட்டு லிட்டர். பாதுகாப்பு நிறுத்தத்துக்காக மூன்று நிமிடம் நிற்க வேண்டிய அந்த 5 மீட்டரில் பல புதியவர்கள் மேலே பிய்த்துக்கொண்டு போவதற்குக் காரணம் இதுதான். ஈயம் குறைவாகக் கட்டிக் காலி சிலிண்டரோடு வருகிறவருக்கும் அதே இடத்தில்தான் தொல்லை.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பைச் சேர்ந்த பெதார் டெனோபிளும் உடன் ஆய்வாளர்களும் 947 மூழ்கல் மரணங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. சிக்கலின் தொடக்கம் எது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை. கருவிக் கோளாறு 15 சதவீதம். அந்தச் சிக்கலை ஆபத்தாக மாற்றிய நிகழ்வுகளில் அவசரமாக மேலேறியது 55 சதவீதம், மிதப்புத் தொல்லை 13 சதவீதம். அளவுக்கு மீறி ஈயம் கட்டியவர் சாய்ந்த உடலோடு நீரைத் தள்ளி நீந்துகிறார். காற்றும் சீக்கிரம் தீர்கிறது. பி.சி.டி. எத்தனை கிலோ தூக்கும் என்று ஆராய்வதற்கு முன் தன் இடுப்பில் எத்தனை கிலோ இருக்கிறது என்று பார்ப்பதே பாதுகாப்புக்கு முதல் படி.

அதைப் பார்க்கும் முறை எளிது. கடலில், அணியப்போகும் உடையோடும் 50 பார் மிச்சமுள்ள சிலிண்டரோடும், பி.சி.டி.யில் துளிக் காற்றும் இல்லாமல், இயல்பான மூச்சை உள்ளே நிறுத்திக்கொண்டு அசையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். நீர்மட்டம் கண் அளவில் நின்றால் ஈயம் சரி. நகரத்து நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்தவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி மிக்கது. உடலும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் இரண்டரை கிலோ ஈயம் கூடுதலாக வேண்டியிருக்கும். குளத்துக் கணக்கைக் கடலுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

நான்கு வகைகள்

முதலாவது ஜாக்கெட். காற்று முதுகிலும் விலாப்பக்கத்திலும் சுற்றி நிரம்பும். மேற்பரப்பில் நிமிர்ந்து மிதக்க வசதியானது. புதியவர்களுக்குப் பழக எளிது. நன்றாக நிரப்பினால் விலாவை இறுக்கும். வாடகைக்குத் தரும் மையங்கள் இதையே அதிகம் வைத்திருக்கின்றன. பலர் கைபட்டும் தாங்க வேண்டியிருப்பதால் அவை கனமான துணியில் இருப்பது நியாயம்தான்.

இரண்டாவது, முதுகுப் பக்கம் மட்டும் காற்று நிரம்பும் மென்மையான பயணப் பி.சி.டி. நீருக்கடியில் உடல் தானாகக் கிடைமட்டமாக அமைகிறது. மார்புப் பக்கம் திறந்திருப்பதால் மூச்சு தாராளமாக வருகிறது. கடினப் பலகை இல்லாததால் சுருட்டி வைக்கலாம். அக்வா லங் நிறுவனத்தின் ஜூமா, கிரெஸ்ஸியின் டிராவலைட், மாரஸின் மெஜல்லன் போன்றவை பயண எடையை மனத்தில் வைத்து வந்தவை. உள்ளமைப்பில் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும் நோக்கம் ஒன்றுதான்.

மூன்றாவது, பேக்பிளேட்டும் விங்கும். பலகை, பட்டை, காற்றுப் பை மூன்றும் தனித்தனி. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். இதுவே இதன் பெரிய நன்மை. எஃகுப் பலகை இரண்டரை கிலோவுக்கு மேல், அலுமினியப் பலகை ஒரு கிலோ அளவு. எஃகுப் பலகை நீருக்கடியில் ஈயத்துக்குப் பதிலாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஈயத்தை மூழ்கல் மையமே கொடுக்கும். எஃகை நாம் விமானத்தில் சுமக்க வேண்டும். ஆகவே பயணத்துக்கு அலுமினியப் பலகையோ துணிப் பலகையோ போதும். ஒற்றைச் சிலிண்டருக்கான சிறிய விங்கோடு இது பயணப் பி.சி.டி.க்கு நிகராக இலகுவாகிவிடும். பட்டையை உடலுக்கு ஏற்பச் சரியாக அமைத்துக்கொள்ள முதலில் பொறுமை தேவை.

நான்காவது, சிலிண்டரை விலாப்பக்கம் மாட்டும் சைடுமவுன்ட். எடை மிகக் குறைவு, முதுகுக்கும் இதம். ஆனால் தனிப் பயிற்சி வேண்டும். எல்லாப் படகுகளிலும் அதற்கான ஏற்பாடு இருக்காது. முதல் பி.சி.டி.யாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எடை எதில் குறைகிறது?

நல்ல இலகு ரகத்தில் முதலில் போவது முதுகுக் கடினப் பலகை. அடுத்தது திணிப்பு. இந்தத் திணிப்பு இருமுறை செலவு வைக்கிறது. பஞ்சு மெத்தை போன்ற பகுதிகள் தாமே மிதப்பதால் அவற்றை அமிழ்த்தக் கூடுதல் ஈயம் வேண்டும். அதோடு கடைசி மூழ்கலுக்குப் பின் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, திரும்பும் பயணத்தில் பெட்டியைக் கனமாக்கும். அடுத்தடுத்த நாள்களில் பலமுறை மூழ்கியவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. மெல்லிய பி.சி.டி. அந்த நேரத்துக்குள் காய்ந்துவிடும். தடித்த ஜாக்கெட் பல நேரம் காயாது. ஸ்கூபாப்ரோவின் ஹைட்ராஸ் ப்ரோவில் துணித் திணிப்புக்குப் பதில் நீர் உறிஞ்சாத வார்ப்புப் பொருளைப் பயன்படுத்தியிருப்பது இந்தக் குறைக்கு வேறொரு விடை. ஆனால் அது மிக இலகுவான ரகங்களில் சேராது.

துணியில்தான் கவனம் வேண்டும். துணி நூலின் கனத்தை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 1000 டெனியர் நைலான் பாறையில் உரசினாலும் தாங்கும். இலகு ரகங்களில் 420 டெனியர் சாதாரணம். பவளப்பாறையை விட்டு விலகி மிதக்கத் தெரிந்தவருக்கு அது போதும். உடைந்த கப்பல்களுக்குள் நுழைகிறவரும் தினமும் மூழ்கும் பயிற்சியாளரும் கனமான துணியைத் தேர்ந்தெடுப்பதே சரி.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

எடைக்காக எதை வேண்டுமானாலும் கழித்துவிட முடியாது. காற்றை வெளியேற்ற, பையில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் இன்ஃபிளேட்டர் குழாய் தவிர வலது தோளிலோ அடிமுதுகிலோ வால்வ் இருந்தாக வேண்டும். தலை கீழாக இருக்கும் நிலையிலும் கைக்கு எட்டும் அடிமுதுகு வால்வ் மிக முக்கியம். இன்ஃபிளேட்டர் பொத்தான்கள் இரண்டும் தொட்டாலே வேறுபாடு தெரியும்படி இருக்க வேண்டும். பொத்தான் சிக்கிக்கொண்டு காற்று தானாக ஏறினால் குழாயை ஒரே இழுப்பில் பிரிக்க முடிய வேண்டும்.

சிலிண்டர் பட்டை இன்னொன்று. கடினப் பலகை இல்லாத ரகங்களில் ஒற்றைப் பட்டையே இருந்தால் சிலிண்டர் பக்கவாட்டில் ஆட வாய்ப்பு அதிகம். இரண்டு பட்டை இருப்பது நல்லது. இல்லாவிட்டால் கழுத்துப் பக்கம் மாட்டும் துணை வளையமாவது இருக்க வேண்டும். நைலான் பட்டை நனைந்தால் நெகிழும் என்பதால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும்.

ஈயப் பைகள் உள்ளிணைந்தவையாக இருந்தால், ஆபத்தில் ஒரே இழுப்பில் விடுபட வேண்டும். சாதாரண நேரத்தில் தானாக நழுவவும் கூடாது. வெப்பக் கடலில் பலருக்குச் சில கிலோ ஈயமே போதும் என்பதால் ஈயப் பை இல்லாத ரகத்தோடு மையத்தின் வெயிட் பெல்ட்டைக் கட்டிக்கொள்வதும் நல்ல வழிதான். மாலத்தீவின் கால்வாய்களில் நீரோட்டம் மூழ்குநரைத் தொலைவுக்கு இழுத்துச் சென்றுவிடும். படகோட்டி கண்டுபிடிக்க உதவும் மேற்பரப்பு அடையாள மிதவையை வைக்க ஒரு பை, மாட்ட உறுதியான இரண்டு மூன்று வளையங்கள் கட்டாயம் வேண்டும். அதற்கு மேற்பட்ட பைகளும் வளையங்களும் தேவையில்லை.

எதிர்வாதங்கள்

முதுகில் காற்று நிரம்பும் வகை மேற்பரப்பில் முகத்தை முன்னே தள்ளும் என்பது பழைய குற்றச்சாட்டு. பையை முழுக்க ஊதி, ஈயம் முழுவதையும் இடுப்பின் முன்பக்கம் வைத்தால் அது நடக்கும். நிமிர்ந்து நிற்கப் போதுமான அளவு மட்டும் காற்றடித்து, சற்றே பின்னே சாய்ந்தால் நடக்காது. ஈயத்தில் ஒரு பகுதியைப் பின்பக்கப் பைகளுக்கு மாற்றினாலும் தீரும். ஆயினும் கொந்தளிக்கும் அலையில் நெடுநேரம் மேற்பரப்பில் காத்திருக்கப் பழகாத புதியவருக்கு ஜாக்கெட் ஆறுதல் தரும் என்பதை மறுக்க முடியாது.

இலகுவானது சீக்கிரம் கெடும் என்பது இரண்டாவது வாதம். வாடகைப் பயன்பாட்டுக்கு அது சரி. சொந்தப் பயன்பாட்டில் பி.சி.டி.யைக் கெடுப்பது பெரும்பாலும் உப்பும் வெயிலும்தான். ஒவ்வொரு நாளும் உள்ளே நன்னீர் விட்டுக் குலுக்கி வடிக்க வேண்டும். இன்ஃபிளேட்டரை அமுக்கியபடி கழுவ வேண்டும். நிழலில் காயவைத்துப் பாதி காற்றோடு தொங்கவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வால்வுகளைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். உள்ளே படியும் உப்புத் துகள்தான் பொத்தான் சிக்குவதற்குப் பெரிய காரணம்.

வாங்கும் முன்

ஆண்டுக்கொரு முறைகூட மூழ்காதவர் வாங்க வேண்டாம். பொருத்தமான மாஸ்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் அவருக்கு இதைவிட அவசியம். வாங்குகிறவர் அணியப்போகும் உடையின் மேல் மாட்டிப் பார்க்க வேண்டும். முழுவதும் காற்றடித்த நிலையில் ஆழமாக மூச்சிழுக்க முடிகிறதா, கையைத் தூக்கினால் சட்டை காதுவரை ஏறுகிறதா, மார்புப் பட்டை உறுத்தாத இடத்தில் அமைகிறதா என்று பார்க்க வேண்டும். பெண்களுக்கென்று வளைந்த தோள்பட்டையோடு வரும் அளவுகள் பெயரளவு மாற்றம் அல்ல. உடற்பகுதி நீளம் குறைந்தவருக்கு அவை உண்மையிலேயே பொருந்தும். காற்றடித்து ஓரிரவு வைத்துக் காலையில் பை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் விலை பேசும் முன்பே கேளுங்கள்.

எல்லாவற்றையும் எடைபோட்டால் என் தீர்ப்பு இது. ஒற்றை அலுமினிய சிலிண்டர், மூன்று மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய உடை, வெப்பக் கடல் என்று இருப்பவருக்கு 12 முதல் 14 கிலோ தூக்கும் இலகு பி.சி.டி. தாராளமாகப் போதும். முதுகில் நிரம்பும் மென்வகையும், அலுமினிய அல்லது துணிப் பலகையோடு கூடிய சிறிய விங்கும் முதல் இரண்டு தேர்வுகள். அடிக்கடி பயணம் செய்கிறவர் முதலாவதை எடுக்கலாம். நெடுங்காலம் வைத்துப் பாகம் பாகமாக மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் இரண்டாவதை எடுக்கலாம். எதை எடுத்தாலும், கடைக்குப் போகுமுன் ஒருமுறை உங்கள் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடலில் ஈயச் சோதனை செய்து, அந்த எண்ணை மூழ்கல் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எந்தப் பி.சி.டி. போதும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.